உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கும் ஆர்வத்துடன் அமெரிக்காவில் புதிதாக வந்து நிற்பவருக்கு முதல் நாளே இரண்டு அறிவுரைகள் கிடைத்துவிடுகின்றன. ஒன்று: மலிவாகக் கிடைப்பதை வாங்கு, கட்டையை உப்புத்தாளால் தேய், வார்னிஷ் பூசு, புதிதுபோல் ஆக்கு. மற்றொன்று: எல்லா உறுப்புகளிலும் ஒரே வரிசை எண் இருந்தாலொழியத் தொடாதே. முதலாவதைச் சொல்பவர் கைவேலைப் பிரியர். இரண்டாவதைச் சொல்பவர் தம்மை நிபுணர் என்று கருதிக்கொள்பவர். இருவரும் ஒருவரையொருவர் இகழ்பவர்கள். ஆயினும் இருவரும் செய்வது ஒரே பிழை என்பதே நம் தரப்பு. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்றைய காலையில் அந்தத் துப்பாக்கி எப்படி இருந்ததோ அப்படியே அது இருவருக்கும் வேண்டும். அதற்குப் பிறகு அதன்மேல் நிகழ்ந்தவை எல்லாம் அவர்களுக்கு அழுக்கு. நமக்கோ அவைதாம் பொருள்.

ராணுவ உபரி என்பது போரின் எச்சம். போர் முடிகிறது, அல்லது புதிய ஆயுதம் வருகிறது. பழையவை காஸ்மோலின் என்னும் கெட்டியான மசகில் முழுக்கப்பட்டுக் கிடங்குகளில் பல பத்தாண்டுகள் உறங்குகின்றன. பிறகு பெட்டி பெட்டியாக வணிகருக்கு விற்கப்படுகின்றன. 1891-ல் ரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட மோசின்-நாகந்த், 1930-ல் திருத்தம் பெற்ற வடிவில், இந்நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகளில் நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. ஒன்றைக் கெடுத்தால் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்ற மனநிலை அப்போது உருவானது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. கிடங்குகள் வற்றின. 2021-ல் ரஷ்யத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்க அரசு நிறுத்தியது. விலை பன்மடங்கு ஏறிவிட்டது. மலிவின் காலத்தில் பிறந்த அறிவுரை மட்டும் இன்னும் சாகவில்லை.

முதலில் எண் வழிபாட்டைப் பார்ப்போம். போருக்குப் பின் சோவியத் பணிமனைகள் லட்சக்கணக்கான துப்பாக்கிகளைப் பிரித்துச் செப்பனிட்டன. பிரித்த உறுப்புகள் குவியலாகக் கிடந்தன. கைக்கு வந்ததைப் பொருத்தினார்கள். பிறகு போல்ட்டிலும் பிற உறுப்புகளிலும் இருந்த பழைய எண்ணைத் தேய்த்தோ கோடிட்டு அடித்தோ, குழலில் இருந்த எண்ணைப் புதிதாகப் பொறித்தார்கள். கட்டைக்குச் செம்பழுப்பு அரக்குப் பூசினார்கள். இன்று 'எல்லா எண்ணும் பொருந்துகிறது' என்று பெருமிதத்துடன் விற்கப்படும் மோசின்களில் பெரும்பாலானவை இப்படிப் பொருந்தவைக்கப்பட்டவை.

எதிர்ப்பக்கத்தில் பின்லாந்தின் மோசின்களைப் பாருங்கள். பின்லாந்து இந்தத் துப்பாக்கியின் ரிசீவரை, அதாவது போல்ட் இயங்கும் இரும்புக்கூட்டை, ஒருபோதும் தானே செய்யவில்லை. ஜார் காலத்தில் எஞ்சியவற்றையும், எதிரியிடம் கைப்பற்றியவற்றையும், விலைக்கு வாங்கியவற்றையும் எடுத்துத் தன் குழலையும் கட்டையையும் பொருத்தியது. சதுரக் கட்டத்துக்குள் தன் படையின் ஈரெழுத்து முத்திரையை இட்டது. ரஷ்யாவில் வார்த்த இரும்பு 1939-40 பனிக்காலப் போரில் ரஷ்யரை நோக்கியே சுட்டது. எண் பொருந்தும் துப்பாக்கி ஒரு பணிமனையின் ஒழுங்கைச் சொல்கிறது. பல இடங்களில் பிறந்த உறுப்புகளால் ஆன இத்துப்பாக்கி ஒரு சிறுநாட்டின் நெருக்கடியைச் சொல்கிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதைக் குப்பை என்று ஒதுக்கினால் நாம் வியக்க மாட்டோம். அவர் ஏட்டின் பக்க எண்களைச் சரிபார்த்துவிட்டுப் பாடத்தைப் படிக்காமல் மூடுபவர்.

வழிபாடு இருக்கும் இடத்தில் போலிகள் இருக்கும். பொருந்தும் எண்ணுக்கு இரட்டிப்பு விலை என்றால் எண் பொறிக்கும் அச்சு யார் கைக்கும் எட்டாததல்ல. எண் பொருத்தத்துக்கு நாம் மதிப்பளிக்கும் இடம் ஒன்றுண்டு, அது பாதுகாப்பு. வேறொரு துப்பாக்கியின் போல்ட் பொருத்தப்பட்டிருந்தால் தோட்டா அமரும் இடத்தில் இடைவெளி மிகுந்திருக்கலாம். சுடும்போது பித்தளை உறை கிழிந்து வாயு பின்னோக்கிப் பாயலாம். ஆகவே எண் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், துப்பாக்கி செப்பனிடுவோரிடம் கொடுத்து அளவுகோலிட்டுப் பார்த்த பிறகே சுட வேண்டும். இது ரசனைக்குரிய விஷயமல்ல, உயிருக்குரிய விஷயம்.

அடுத்தது உப்புத்தாள். ஜப்பானிய அரிசாகா துப்பாக்கிகளின் ரிசீவர் மேல் பதினாறு இதழ்ச் செவ்வந்தி பொறிக்கப்பட்டிருக்கும். அது பேரரசரின் சின்னம். 1945-ல் சரணடைந்தபோது கையளிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றில் அந்தப் பூ அராவி அழிக்கப்பட்டது. புதியவர் அந்தச் சிதைவைக் கண்டு முகம் சுளிக்கிறார்; நிரவிப் பளபளப்பாக்கலாமா என்று கேட்கிறார். ஒரு பேரரசு முடிந்ததன் தழும்பு அது. அதை நிரவ உமக்கு யார் உரிமை தந்தார்கள்?

இஸ்ரேல் 1948-ல் செக்கோஸ்லோவாக்கியா வழியாகப் பெற்ற மவுசர் துப்பாக்கிகள் சிலவற்றில் ஹிட்லர் காலத்துக் கழுகு முத்திரையும் தாவீதின் விண்மீனும் ஒரே இரும்பின் மேல் காணப்படுகின்றன. இதைவிடச் சுருக்கமாக அந்தப் பத்தாண்டின் வரலாற்றை யாராலும் எழுத இயலாது. உப்புத்தாளும் அமிலமும் புதுக் கருநீலப் பூச்சும் அந்த வரியை ஒரு பிற்பகலில் அழித்துவிடும்.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. வங்காளத்தின் இஷாப்பூர்த் தொழிற்சாலை 1960-களில் லீ-என்ஃபீல்டின் பழைய வடிவமைப்பை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப, வலுவான எஃகில், புதிதாகவே தயாரித்தது. பழைய .303 துப்பாக்கியைக் குடைந்து மாற்றியது என்று இன்றும் சிலர் எழுதுவது தவறு. இவை உபரியாக அமெரிக்கா வந்தபின் பலவற்றின் குழலையும் கட்டையையும் வெட்டி, 1944 முதல் சில ஆண்டுகள் மட்டும் இங்கிலாந்தில் தயாரான 'ஜங்கிள் கார்பைன்' போலத் தோற்றமளிக்கச் செய்து விற்றார்கள். இஷாப்பூர்த் துப்பாக்கியும் போயிற்று, ஜங்கிள் கார்பைனும் கிடைக்கவில்லை. புதியவர் அதை வாங்கி இரண்டாம் உலகப்போரின் பர்மாக் காட்டைக் கனவு காண்கிறார்.

'என் பணம், என் பொருள்' என்பவருக்கு நம் பதில் எளியது. சட்டப்படி உண்மை. ஓலைச்சுவடியை அடுப்பெரிக்கப் பயன்படுத்தியவரும் தம் சொந்தச் சுவடியைத்தான் எரித்தார்.

கடினமான எதிர்வாதம் வேறு. கொலைக்கருவியைப் பேணுவதில் என்ன பண்பாடு? இதைச் சிரித்துக் கடப்பதை நாம் ஏற்கவில்லை. 1963 நவம்பரில் கென்னடியைக் கொன்றது இத்தாலிய ராணுவ உபரியான ஒரு கார்க்கானோ. விளம்பரம் பார்த்துத் தபாலில் வாங்கப்பட்டது. தொலைநோக்கியோடு விலை 19.95 டாலர். 1968-ன் சட்டம் தபால் விற்பனையையும் ராணுவ உபரி இறக்குமதியையும் தடுத்தது அதன் தொடர்ச்சி. 1984-ல்தான் பழம்பொருள் வகைக்கு மட்டும் அந்தக் கதவு மீண்டும் திறந்தது. இந்த வரலாறு சேகரிப்பவரின் வரலாறும் ஆகும். வார்னிஷ் பூசி, பித்தளைத் தகடு அடித்து, வரவேற்பறைச் சுவரில் மாட்டும்போது நாம் அதை அலங்காரப் பொருளாக்குகிறோம். மனிதனைக் கொல்லச் செய்யப்பட்டது என்ற உண்மையை மறைக்கிறோம். தழும்போடு வைத்திருப்பவருக்கு அந்த மறதி வாய்ப்பதில்லை. பேணுதலுக்கு நாம் சொல்லும் நியாயம் இது ஒன்றே.

ஆகவே முதல் துப்பாக்கி வாங்குபவருக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். துப்பாக்கிக்கு முன் அதைப் பற்றிய நூலை வாங்குங்கள். குழலுக்குள் ஒளி பாய்ச்சிப் பாருங்கள். சுருள்வரிகள் தெளிவாக உள்ளனவா, குழல்வாய் தேய்ந்துள்ளதா என்று கவனியுங்கள். முத்திரைகளைப் படியுங்கள். விற்பவர் சொல்லும் கதைக்குப் பணம் தராதீர்கள்; எந்தத் துப்பாக்கியும் ஸ்டாலின்கிராடில் இருந்ததாகத் தானே சொல்லிக்கொள்வதில்லை. மசகை நீக்குங்கள், அது கிடங்கின் உறை. பழைய அரக்கையும் கறையையும் கீறலையும் விட்டுவிடுங்கள். பழைய ராணுவத் தோட்டா பயன்படுத்தினால் அன்றே குழலை நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடுங்கள். அதன் பற்றுமருந்து விட்டுச்செல்லும் உப்பை வெறும் எண்ணெய் கரைக்காது. பூட்டி வையுங்கள்.

ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சேகரிப்போருக்கான உரிமத்துக்கு மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணம். எதை, எப்போது, யாரிடம் பெற்றோம் என்று குறிப்பேட்டில் எழுத அச்சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பலர் அதைத் தொல்லை என்கிறார்கள். அந்த வரிக்குக் கீழே இன்னும் சில வரிகள் எழுதுங்கள் என்கிறோம் நாம்: எந்த முத்திரை எங்கே உள்ளது, எது அழிந்துள்ளது, எதை நீங்கள் மாற்றினீர்கள். அடுத்து வருபவர் அதைப் படிக்கட்டும்.

இரும்பு நம்மைவிட நீண்டகாலம் வாழும். அதன் கையில் உங்கள் உப்புத்தாளின் கீறலை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள்.