நான்காவது கதை

இளையோருக்கென எழுதப்படும் நூல்களில், அதிலும் பூதமும் மாயமும் உலவும் கதைகளில், முதிர்ந்த வாசகர் தேடிச் சென்று படிக்கத்தக்க பொருள் ஒன்றும் இராது என்னும் எண்ணம் இலக்கிய அபிமானிகள் பலரிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் கொண்டோர், 2011-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ என்ற நாவலைப் பொறுமையுடன் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

இந்நூல் பிறந்த வரலாறே துக்கத்தில் தொடங்குவது. இதன் கருவையும் பாத்திரங்களையும் வகுத்து வைத்திருந்த ஷிவான் டௌட் என்ற எழுத்தாளர், 2007-ஆம் ஆண்டில் தமது 47-ஆம் வயதில் மார்பகப் புற்றுநோயால் காலமாகிவிடவே, அவரை ஒரு முறையேனும் நேரில் கண்டிராத பாட்ரிக் நெஸ் அக்கருவை ஏற்று, தமக்கே உரிய நடையில் நாவலாக்கி முடித்தார். 2012-இல் எழுத்துக்குரிய கார்னகி பதக்கமும், ஜிம் கே தீட்டிய சித்திரங்களுக்காகக் கேட் கிரீனவே பதக்கமும் இந்த ஒரே நூலைச் சேர்ந்தன. அவ்விரு கௌரவங்களும் ஒருங்கே ஒரு நூலுக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை.

கதாநாயகன் கானர் ஓமாலிக்கு வயது 13. தாய் புற்றுநோயால் நாளுக்கு நாள் மெலிந்து வருகிறாள்; தந்தை அமெரிக்காவில் வேறொரு குடும்பத்துடன் வாழ்கிறார்; பாட்டியோடு அவனுக்கு ஒட்டுதல் இல்லை; பள்ளியிலோ முரட்டுப் பையன்களின் அடியும் உதையும். நள்ளிரவு கடந்து 12 மணி 7 நிமிடத்துக்கு, வீட்டின் பின்னே மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் யூ மரம் பூத உருக்கொண்டு அவன் ஜன்னலுக்கு வருகிறது. தான் மூன்று கதைகள் சொல்வதாகவும், நான்காவது கதையை அவனே சொல்ல வேண்டும் என்றும், அது அவன் ஒளித்து வைத்திருக்கும் உண்மையாகவே இருக்க வேண்டும் என்றும் அது நிபந்தனை விதிக்கிறது.

பூதம் சொல்லும் முதற்கதையில், மக்கள் போற்றும் இளவரசனே தன் காதலியைக் கொன்றவன். சூனியக்காரி என்று தூற்றப்படும் ராணியோ அக்கொலையில் குற்றமற்றவள். நல்லோர் வெல்வர், தீயோர் வீழ்வர் என்ற முடிவுக்குக் காத்திருக்கும் சிறுவன் சினந்து கொதிக்கிறான். ஒரே மனிதரிடத்தில் நன்மையும் தீமையும் கலந்து கிடக்கக் கூடும் என்பதை அவன் ஏற்கப் பழகினாலன்றித் தன் நெஞ்சையே அவனால் மன்னிக்க இயலாது என்பதை வாசகர் பின்னரே உணர்கிறார்.

இந்நாவலின் அதி நுட்பமான பகுதி, தண்டனையைப் பற்றியது. கானர் பாட்டியின் கூடத்திலுள்ள பொருள்களையெல்லாம் உடைத்து நொறுக்குகிறான். தன்னைத் துன்புறுத்திய மாணவனை ஆஸ்பத்திரிக்குப் போகும்படி அடித்துவிடுகிறான். ஆயினும் தந்தையும் சரி, பள்ளித் தலைவியும் சரி, தாயை இழக்கப் போகும் பிள்ளையைத் தண்டித்து ஆவதென்ன என்று இரக்கத்தோடு விட்டுவிடுகிறார்கள். அவனோ தண்டனைக்காகவே ஏங்குகிறான். தாய் பிழைத்தெழ வேண்டும் என்று உயிரை விட்டு வேண்டிய அதே நெஞ்சில், இந்த வேதனை எப்படியேனும் முடிந்தால் போதும் என்ற ஆசையும் எழுந்துவிட்டதே, அந்த ஆசைதான் தாயைக் கொல்கிறது என்று அவன் நம்புகிறான். அதுவே நான்காவது கதை. எண்ணம் வேறு, செயல் வேறு என்று பூதம் அவனுக்கு எடுத்துரைக்கும் கட்டத்தில், மரணப் படுக்கையருகே நெடுநாள் காத்திருந்த முதியோர் எத்தனையோ பேரும் தங்கள் அந்தரங்கத்தைக் காண்பார்கள்.

யூ மரத்தைத் தேர்ந்ததிலும் ஆழ்ந்த அர்த்தம் உண்டு. இலையும் விதையும் நஞ்சாக உள்ள அம்மரத்தின் ஓர் இனத்துப் பட்டையிலிருந்தே, 1992-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற பாக்ளிடாக்செல் என்னும் புற்றுநோய் மருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. நாவலிலும் தாயின் கடைசி நம்பிக்கை யூ மரத்து மருந்துதான். அம்மருந்து பலிக்கவில்லை. குணப்படுத்துவதற்காகவே அம்மரம் எழுந்து வந்தது. ஆனால் அது குணப்படுத்த வந்தது மகனை.

அன்பு மிகுந்தோர் கேட்டாலும் தன்னை வெறுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தால் வாய் திறவாத பிள்ளை, எதைக் கேட்டும் திடுக்கிடாத, யுகங்களைக் கண்ட ஒரு பூதத்திடம் மட்டுமே அவ்வுண்மையைச் சொல்லத் துணிகிறது. கற்பனை இங்கே வாழ்விலிருந்து தப்பியோடும் வழியாக இல்லாமல், வாழ்வின் மிகக் கடினமான இடத்துக்கு அழைத்துச் செல்லும் துணையாக நிற்கிறது.

ஆகவே, மரணம் வருகிறது என்பதற்காக இத்தகைய நூல்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்கும் பெற்றோரும் ஆசிரியரும் நூலகத்தாரும் தம் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். துயருறும் பிள்ளைக்கு ஆறுதல் மொழிகள் சொல்லவும் சலுகைகள் தரவும் நாம் அறிவோம். அப்பிள்ளை தன்னைப் பற்றி நினைத்து நடுங்கும் மிகக் கொடிய விஷயத்தையும் முகம் மாறாமல் கேட்டு, கேட்ட பின்னும் முன்போலவே நேசிக்க நாம் கற்றாக வேண்டும். அந்தக் கல்வியை நமக்கு அளிக்கும் நூல் எந்த வயதினருக்கென எழுதப்பட்டிருப்பினும் அது உயர்ந்த இலக்கியமே என்பது எமது துணிபு.