மயிரிழைச் சட்டங்கள்

மாதிரி விமானம் செய்யும் பிள்ளையைக் கண்டால், "பொம்மையோடு காலத்தைப் போக்குகிறான்" என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். அந்தப் பொம்மையின் கண்ணாடிக் கூண்டை ஒரு தரம் உற்றுப் பார்த்தால் நாம் அப்படிச் சொல்லத் துணிய மாட்டோம்.

லைசாண்டர் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். தரைப் படைக்கு உதவியாக வேவு பார்ப்பதற்கென்று இங்கிலாந்தில் செய்யப்பட்டது அது. நாலா பக்கமும் பார்வை செல்ல வேண்டியிருந்தபடியால், விமானி முதல் பின்னால் அமரும் துணைவர் வரையில் ஒரே கண்ணாடி மண்டபம். அதைத் தாங்கக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள். 1942-ம் வருஷம் பர்மாவில், இந்திய விமானப் படையின் முதலாவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த நமது இளைஞர்கள், கே. கே. மஜும்தார் தலைமையில், இவ்விமானங்களில் குண்டுகளைக் கட்டிக்கொண்டு சென்று ஜப்பானியரின் விமான தளங்களைத் தாக்கினார்கள். அன்று அவர்கள் பகைவனைத் தேடியது இச்சட்டங்களின் இடைவெளி வழியாகத்தான்.

72-ல் ஒரு பங்கு அளவில் செய்தால், இவ்விமானத்தின் 50 அடி இறக்கை சுமார் 21 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஓர் அங்குலச் சட்டம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதைத் தூரிகையால் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு இழுத்துவிட்டாலோ, நிஜ விமானத்தில் அது கிட்டத்தட்ட மூன்று அங்குல உத்தரத்துக்குச் சமானம்! வேவு பார்க்கப் போனவர் சிறையில் அகப்பட்டவர்போல் தோன்றுவார்.

ஆகையால் கூண்டின்மேல் நேரே வரையாதிருப்பதே உத்தமம். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் நிறமற்ற படலத்தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் முதலில் விமானத்தின் உட்புறத்துக்குரிய சாம்பற் பச்சையையும், அது உலர்ந்தபின் வெளிப்புற வர்ணத்தையும் பூச வேண்டும். கண்ணாடி வழியே உள்ளிருந்து தெரிவது அடிப் பூச்சுத்தான். எனவே இந்த வரிசை மாறலாகாது. நன்கு உலர்ந்த பிறகு, இரும்பு அளவுகோலை வைத்துப் புதிய பிளேடினால் மெல்லிய கீற்றுகளாக நறுக்கவேண்டும். நெடுஞ்சட்டங்களை முதலிலும், அவற்றில் வந்து முட்டும் குறுஞ்சட்டங்களைப் பின்னரும் ஈரத் தூரிகையால் நகர்த்திப் பொருத்தி, மிகுந்த நுனியைக் கத்தரித்துவிட வேண்டும். கூண்டை விமானத்தோடு ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையே போதும். 'சூப்பர் க்ளூ'வின் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துப்போய், பட்ட பாடெல்லாம் வீணாகும்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அசல் விமானத்தின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு சட்டங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். படத்தில் இல்லாததை அழகுக்காகச் சேர்க்கலாகாது. இருப்பதைச் சோம்பலினால் விடலாகாது. உள்ளதைப் பருக்க வைக்கலாகாது. நமது வீரர்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோருக்கும் இதே விதிதான். அதைப் பத்து வயதில் கைவேலையாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளை காலத்தைப் போக்கவில்லை என்பதே நமது துணிபு.