நாலு மாடு வாங்கினால் குடும்பம் பிழைக்குமா?
கரையான்சாவடியில் பால் பண்ணை: ஒரு வரவு செலவுக் கணக்கு

பூந்தமல்லிக்கும் குமணன்சாவடிக்கும் நடுவே இருக்கிறது, கரையான்சாவடி. ஆவடிச் சாலை வந்து சேரும் இடம். தலைக்கு மேலே மெட்ரோ ரெயில் பாதை போகிறது. கீழே பஸ்களும் லாரிகளும் நெருக்கியடித்துப் போகின்றன.

ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் வயலும் மேய்ச்சல் நிலமும்தான். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. காலையில் மாட்டை அவிழ்த்துவிட்டால் மாலையில் வயிறு நிறைந்து வீடு திரும்பும். இன்று வயல் இருந்த இடத்தில் மனைப்பிரிவு. மனைப்பிரிவு இருந்த இடத்தில் அடுக்குமாடி. அந்த அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டிலும் விடிந்தவுடன் காப்பிக்குப் பால் வேண்டும்.

இதைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. "பால் கேட்கிற வீடு ஆயிரம் இருக்கிறது. நாலு கறவை மாடு வாங்கிக் கட்டினால் என்ன? குடும்பமே சேர்ந்து பாடுபட்டால் மாதச் சம்பளம் மாதிரி வராதா?"

வருமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மாடு வெளியே போன கதை

நகரத்துக்குள் மாடு வளர்ப்பது புதிய பிரச்சினை அல்ல. சென்னையில் 1927-ஆம் ஆண்டிலேயே அயனாவரத்தில் பால் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பிறகு மாதவரத்தில் பால் காலனி அமைந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியோடு 1963-இல் மாதவரத்தில் பால் பண்ணை வந்தது. 1981-இல் மாநிலக் கூட்டுறவு இணையம் உருவாயிற்று. அதுதான் நாம் "ஆவின்" என்று சொல்வது.

இப்படிப் பால் நகரத்துக்கு உள்ளே வந்தது. மாடு நகரத்துக்கு வெளியே போயிற்று. கரையான்சாவடி அப்போது "வெளியே" இருந்தது. இப்போது அதுவும் "உள்ளே" வந்துவிட்டது. சிக்கலுக்குக் காரணம் இதுதான்.

முதல் போடும் பணம்

கலப்பின ஜெர்சி மாடு வாங்க வேண்டுமானால், இதே நெடுஞ்சாலையில் வேலூரைத் தாண்டிப் பொய்கைச் சந்தைக்குப் போகலாம். செவ்வாய்க்கிழமை கூடும் பேர்போன மாட்டுச் சந்தை அது. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்களை அங்கே பார்க்கலாம்.

2011-இல் தமிழக அரசு விலையில்லாக் கறவை மாடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு மாட்டுக்கு ஒதுக்கிய தொகை 30,000 ரூபாய். இன்று அந்தப் பணத்துக்கு நல்ல கறவை கிடைக்காது. நாளுக்குச் சராசரி 10 லிட்டர் கறக்கும் இரண்டாம் ஈத்து மாடு 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

நாலு மாட்டுக்கு 2,80,000 ரூபாய்.

ஒரு மாட்டுக்கு நாற்பது சதுர அடியாவது வேண்டும். கன்றுக்கும் தீவனத்துக்கும் சேர்த்து 300 சதுர அடிக் கொட்டகை. சதுர அடிக்கு 400 ரூபாய் என்றால் 1,20,000.

புல் வெட்டும் எந்திரம், பால் கேன், தண்ணீர்த் தொட்டி, குழாய் ஆகியவற்றுக்கு 40,000.

வண்டிச் சத்தம், தரகு, இன்சூரன்ஸ் 25,000.

முதல் மாதத் தீவனத்துக்குக் கையில் 35,000.

மொத்தம் 5,00,000 ரூபாய். இதில் நிலத்தின் விலை சேரவில்லை. நிலம் சொந்தமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. கரையான்சாவடியில் மாடு கட்டுவதற்காக மனை வாங்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்!

வாய்க்குப் போகும் பணம்

10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு உடம்பைக் காக்க 2 கிலோ கலப்புத் தீவனம் வேண்டும். கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம் கூடுதல். ஆக, 6 கிலோ. 50 கிலோ மூட்டை 1,500 ரூபாய் என்றால் இது 180 ரூபாய். பசும்புல் 20 கிலோ, விலைக்கு வாங்கினால் 80 ரூபாய். வைக்கோல் 5 கிலோ 40 ரூபாய். மருந்து, மின்சாரம், தாது உப்பு 20 ரூபாய். ஆக, நாள் ஒன்றுக்கு 320 ரூபாய்.

மாடு வருஷம் முழுவதும் கறக்காது. ஈன்று பத்து மாதம் கறக்கும். அடுத்த கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதமாவது வற்றவிட வேண்டும். சினை பிடிக்கத் தாமதமானால் வற்றுக்காலம் நீளும். நாலு மாட்டில் எந்த நாளிலும் மூன்றுதான் கறவையில் இருக்கும் என்பதே நடைமுறை. வற்றிய மாட்டுக்கும் வயிறு உண்டு. அதற்கு 200 ரூபாய்.

மூன்று கறவைக்கு 960. வற்றியதற்கு 200. மொத்தம் தினம் 1,160 ரூபாய்.

கைக்கு வரும் பணம்

2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை அரசு லிட்டருக்கு 32-இலிருந்து 35 ரூபாயாக உயர்த்தியது. 2023 டிசம்பர் 18 முதல் ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்ந்து 38 ஆயிற்று. அந்த 38 ரூபாயை வைத்தே பார்ப்போம். கொழுப்பும் இதரச் சத்தும் குறைந்தால் அதுவும் முழுசாகக் கிடைக்காது.

30 லிட்டருக்கு 38 வீதம் 1,140 ரூபாய். செலவு 1,160. ஆகவே, தினம் 20 ரூபாய் நஷ்டம்! விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளிய கணவனுக்கும் மனைவிக்கும் கூலி ஒரு காசு இல்லை.

அப்படியானால் ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? சொந்தப் புல்லால் பிழைக்கிறார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்த கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லைச் சொந்த நிலத்தில் போட்டால், நாலு மாட்டின் புல் செலவான 320 ரூபாயில் பெரும்பகுதி மிச்சம். கிராமத்துக் குடும்பத்தின் லாபம் அந்தப் புல்லில் இருக்கிறது. கரையான்சாவடியில் அந்த நிலம் இல்லை.

ஆனால் கரையான்சாவடிக்கு வேறொரு பலம் இருக்கிறது. வாடிக்கை வீடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. தண்ணீர் கலக்காத பால் என்று பேர் எடுத்து, வீடு வீடாக லிட்டர் 60 ரூபாய்க்கு ஊற்றினால் வரவு 1,800. செலவு போக 640. மாதத்துக்கு 19,200 ரூபாய்.

ஆகா என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள், ஐந்து லட்சமும் கடன் என்றால்? நூற்றுக்குப் பத்து வட்டியில், ஐந்து வருஷத் தவணையில், முதல் மாதங்களில் அசலுக்கு 8,333, வட்டிக்கு 4,167 ரூபாய். ஆக 12,500. மிஞ்சுவது 6,700 ரூபாய். கன்றுகளும் சாணமும் தரும் சில்லறை வருமானம், கன்றுகளை வளர்க்கும் செலவுக்கே சரியாகப் போய்விடும்.

விலை ஏன் ஏறவில்லை?

"கொள்முதல் விலையை உயர்த்து" என்று உற்பத்தியாளர்கள் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2021 மே மாதம் அரசு ஆவின் விற்பனை விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. பச்சை நிற உறைப் பால் 44 ரூபாய்க்கு வந்தது. 38-க்கு வாங்கி, குளிரவைத்து, பாக்கெட்டில் அடைத்து, 44-க்கு விற்பதில் இடைவெளி எத்தனை? ஆறு ரூபாய்!

வாங்கும் விலையை ஏற்றினால் விற்கும் விலையையும் ஏற்ற வேண்டும். இல்லையேல் அரசு கஜானாவிலிருந்து கொடுக்க வேண்டும். பால் வாங்குகிற கை லட்சக்கணக்கில் இருக்கிறது. அதற்கும் ஓட்டு உண்டு. இந்த இழுபறியில் மாட்டுக்காரர்தான் நசுங்குகிறார். உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24-இல் ஏறத்தாழ 23.9 கோடி டன். அந்தப் பெருமையின் பாரம் சின்னக் குடும்பங்களின் தோளில்தான் இருக்கிறது.

தெருவில் விட்டால் தண்டம்

புல் செலவைக் குறைக்கச் சிலர் மாட்டைத் தெருவில் விடுகிறார்கள். குப்பைத் தொட்டியும் சுவரொட்டியும்தான் மேய்ச்சல். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியை மாடு முட்டித் தூக்கிய காட்சி ஊரையே பதற வைத்தது. அதன் பிறகு சென்னை மாநகராட்சி தண்டத்தை உயர்த்தியது. 2024-இல் முதல் தடவை 10,000, மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாய் என்று தீர்மானம் போட்டது. பூந்தமல்லி தனி நகராட்சிதான். ஆனாலும் நகர்ப்புறத்தில் மாடு வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கட்டி வளர்க்க முடிந்தவர்தான் வளர்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

"ஆடு மாடு இல்லாதவன் அடைமழைக்கு ராஜா" என்பார்கள். மாடு வாங்கிய பிறகு தீபாவளியும் கிடையாது, கலியாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்குவதும் கிடையாது. மடிவீக்கம் வந்தால் ஒரே வாரத்தில் மாத வருமானம் போய்விடும். கோமாரிக்குத் தடுப்பூசி இலவசம். அதை விட்டுவிடக் கூடாது.

ஆசை இருப்பவர்கள் நாலு மாட்டில் தொடங்க வேண்டாம். கடன் வாங்காமல் இரண்டு மாடு வாங்கினால் போதும். இரண்டையும் ஒரே நாளில் வாங்காமல், ஆறு மாதம் இடைவெளி விட்டு வாங்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே சமயத்தில் வற்றாது. தீவனச் செலவுக்கு மட்டும் கிசான் கடன் அட்டை வாங்கலாம். 2 லட்சம் வரை, தவணை தவறாதவர்களுக்கு வட்டி நூற்றுக்கு நாலுதான்.

மேலே சொன்ன கணக்கைப் பாதியாக்கிப் பாருங்கள். இரண்டு மாட்டின் தினச் செலவு 580. 15 லிட்டர் வீட்டுப் பாலுக்கு வரவு 900. மிச்சம் 320. மாதம் 9,600 ரூபாய்.

கடனில் வாங்கிய நாலு மாடு 6,700 கொடுக்கிறது. சொந்தப் பணத்தில் வாங்கிய இரண்டு மாடு 9,600 கொடுக்கிறது. ஐந்து வருஷத்தில் கடன் தீரும் என்பது உண்மை. ஆனால் அதற்குள் மாட்டுக்கும் வயதாகிவிடும்.

ஆகவே, சந்தைக்குப் புறப்படுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். புல் எங்கே? பால் ஊற்ற வீடு எத்தனை? போடும் பணம் யாருடையது?

மாட்டின் விலையைத் தரகர் சொல்லிவிடுவார். இந்த மூன்றுக்கும் குடும்பம்தான் பதில் சொல்ல வேண்டும்.