விதியும் வழக்கும்: கணினிக் கட்டளைக் கருவிகள்

பெயர் ஒன்றாயின் தொழிலும் ஒன்றாதல் வேண்டும் என்பது யாவரும் எதிர்பார்ப்பதே. விசைப்பலகையால் எழுதிக் கணினியை ஏவும் கட்டளைக் கருவிகளிடத்தோ இஃது எஞ்ஞான்றும் நிறைவேறுவதில்லை.

யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிற்று. கோப்பைப் படியெடுத்தல், வரிகளை நிரல்பட வைத்தல், நாள் காட்டல் முதலியவற்றுக்கு அதன்கண் தனித்தனிச் சிறு கருவிகள் அமைந்தன. பின்னர்க் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் பி.எஸ்.டி. என்னும் கிளையை வளர்த்தனர். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் க்னூ என்னும் முயற்சியை அறிவித்தார். கருவிகளின் பெயர்கள் ஒன்றாகவே நிற்ப, நடைகள் வேறுபட்டன. இவ்வேற்றுமையைக் களைதற்கு எழுந்ததே போசிக்ஸ் என்னும் பொதுவிதி. கருவிகளைப் பற்றிய அதன் பகுதி 1992இல் முடிவுற்றது.

விதி எழுந்தும் வேற்றுமை ஒழிந்ததோ எனின், ஒழிந்திலது. ‘செட்’ என்னும் கருவிக்குக் கோப்பை நேரே திருத்துமாறு பணிக்கும் ‘ஐ’ என்னும் குறி உண்டு. க்னூவில் அது தனித்து நிற்கலாம். பி.எஸ்.டி. மரபினதாகிய மேக் கணினியிலோ, பழைய படிக்கு இடவேண்டிய பெயரீறு அதனையடுத்து வருதல் வேண்டும். ஆதலின் ஓரிடத்துச் செவ்வனே நடக்கும் கட்டளை பிறிதோரிடத்துப் பிழையென நின்றுவிடுகிறது. 1992ஆம் ஆண்டு விதியிலோ இக்குறியே இல்லை.

விதியில் இல்லாததைக் கையாள்வோர் அதன் விளைவையும் ஏற்கவேண்டும் என்பாரும் உளர். அது பொருந்தாது. 2025 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 25.10, க்னூ கருவிகள் பலவற்றுக்கு ஈடாக ரஸ்ட் மொழியில் இயற்றப்பட்டவற்றை மேற்கொண்டது. நினைவகப் பிழைகளைக் குறைக்கும் அந்நோக்கம் நன்றே. ஆயினும், ‘டேட்’ கருவியின் ‘ஆர்’ என்னும் குறி கோப்பொன்று இறுதியாக மாறிய காலத்தைக் காட்டற்பாலது. இதுவும் விதியில் இல்லாத குறியே. புதிய கருவி அக்குறியை ஏற்றும், கோப்பை நோக்காது, அப்போதைய நேரத்தையே காட்டிற்று. அதனை நம்பிய தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனை சில கணினிகளில் நடவாதொழிந்தது. பிழை அம்மாதமே திருத்தப்பட்டது. எனினும், காவற்றிருத்தங்கள் தாமே வந்தடையும் என்று நம்பியிருந்தார்க்கு விதிநூலைச் சுட்டுதல் விடையாகுமோ?

இவ்விரு தவறுகளும் ஒரு தன்மையன அல்ல. ‘செட்’ தன் மறுப்பை வெளிப்படக் கூறிற்று. கண்டவர் உடனே திருத்திக்கொள்வர். ‘டேட்’ அறிந்ததுபோல் விடைகூறி ஏமாற்றிற்று. வெளிப்பட மறுப்பதினும் ஓசையின்றிப் பொய்ப்பது பெரிதும் கொடிது.

எனவே, பழங்கருவியின் பெயரைத் தாங்கும் புதுக்கருவி அதன் வழக்கையும் தாங்குதல் கடன். தாங்க இயலாத இடத்து, இயலாதென்று உரக்கக் கூறுதல் வேண்டும். க்னூவினின்றும் வேறுபடுதலைப் பிழையென்றே கொள்ளும் ரஸ்ட் கருவியாளரின் கொள்கை போற்றத்தக்கது. அக்கொள்கை ஒவ்வொரு குறியிலும் நிறைவேறுதல் வேண்டும். பல தளங்களுக்கெனக் கட்டளை எழுதுவோர்க்கும் கடன் ஒன்றுண்டு: பொதுவிதியின் எல்லைக்குள் நிற்றல். விதியை எழுதுவோர் போற்றுக. வழக்கை இயற்றுவோர் போற்றுக. இவ்விருபாலாரும் தத்தம் கடன் ஆற்றின், கருவிகள் பலவாயினும் தீங்கில்லை.