அகலப் பாதையில் தொடங்கிய ஊர்



தென்னாட்டு ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ராயபுரத்தில்தான் தொடங்குவார்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதுதான் தெற்கின் முதல் பயணிகள் ரயில். அதில் மறுப்பில்லை. ஆனால் காவிரிக் கரைக்காரர்களுக்கு ரயில் சென்னையிலிருந்து வரவில்லை; நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ஒரு தண்டவாளம்கூடப் போடப்படாத காலத்தில், 1861இல் நாகைக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட பாதை, அடுத்த ஆண்டே திருச்சிராப்பள்ளியைத் தொட்டுவிட்டது. ஏறத்தாழ 125 கிலோமீட்டர். இந்த மாதம் இந்தப் பக்கத்தை நாகைக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

அந்தப் பாதையைப் போட்டது 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே' என்ற லண்டன் கம்பெனி. போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி உறுதி என்று அரசு வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வட்டி நம் நாட்டு வருவாயிலிருந்து போனது. தண்டவாளம், எஞ்சின் எல்லாமே கப்பலில் வந்து இறங்க வேண்டிய காலம் அது. ஆகவே துறைமுகத்தில் தொடங்கி உள்நாட்டுக்குள் போவதுதான் அவர்களுக்கு வசதி. பாதை முடிந்ததும் அதே வழியில் தஞ்சாவூர் நெல்லும் அரிசியும் கடலுக்கு வரும். இலங்கைத் தோட்டங்களுக்கு அரிசி போக வேண்டியிருந்தது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கைலியும் துணியும் போக வேண்டியிருந்தன.

நாகை அதற்குள் பல கொடிகளைப் பார்த்து முடித்திருந்தது. சோழர் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னனின் பெயரால் சூடாமணி விகாரம் எழுந்த துறைமுகம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அந்த விகாரத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிறகு போர்ச்சுக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர், 1781இல் ஆங்கிலேயர். பழைய பௌத்தக் கட்டடங்களில் மிஞ்சியிருந்த செங்கல் கோபுரம் ஒன்று, கடலில் வரும் மாலுமிகளுக்கு அடையாளமாக, ஊருக்கு வடக்கே நெடுங்காலம் நின்றது. 1867இல் அதை இடித்துவிட்டார்கள். அப்படியானால் முதல் ஆறு ஆண்டுகளில் நாகைக்கு ரயிலில் வந்தவர்கள் அந்தக் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். சோழர் காலமும் நீராவிக் காலமும் அந்த ஆறு ஆண்டுகள் மட்டும் ஒரே ஊரில் சேர்ந்து நின்றன. அதை யாரேனும் காப்பாற்றியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கு இன்னும் உண்டு.

முதலில் போட்ட அந்தப் பாதை அகலப் பாதை. இன்று நாம் பிராட் கேஜ் என்கிறோமே, அதே ஐந்தரை அடி. 1868இல் திருச்சி வழியாக ஈரோடு வரை போய்ச் சென்னைப் பாதையோடு கைகோத்தது. 1874இல் இந்தக் கம்பெனியும் வேறொரு கம்பெனியும் சேர்ந்து 'சவுத் இந்தியன் ரயில்வே' ஆயின. செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் போதும் என்று அப்போது முடிவாகி, போட்ட தண்டவாளத்தை நெருக்கிப் போட்டார்கள். 1870களில் நெருக்கியது, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில்தான் திரும்ப அகன்றது. பிறந்தபோது இருந்த அகலம் மறுபடி கிடைக்க நாகை 130 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. 'நாகைக்கும் பிராட் கேஜ் வந்துவிட்டது' என்று நாம் மகிழ்ந்தபோது, அது திரும்பி வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ரயிலால் நாகை வளர்ந்தது உண்மை. பக்கத்திலிருந்த தரங்கம்பாடியைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். 1620இல் டேனிஷ்காரர்கள் தஞ்சை நாயக்கரிடம் உரிமை பெற்றுக் கோட்டை கட்டிய ஊர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. ரயில் நாகைக்கு வந்ததும் அங்கே மிஞ்சியிருந்த வணிகமும் தெற்கே நகர்ந்தது. தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலிருந்து கிளைப் பாதை வந்தது 1926இல்தான். அப்போது ஏற்றி அனுப்பத் துறைமுகச் சரக்கு இல்லை. திருக்கடையூர், பொறையாறு மக்களுக்கு அறுபது ஆண்டு உழைத்த அந்த வண்டியை 1986இல் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் தரங்கம்பாடிக்கு நேர்ந்தது நாகைக்கும் மெல்ல நேர்ந்தது. அந்நாளில் நாகையில் கப்பல் கரையோரம் வராது. தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் படகில்தான் போய்வர வேண்டும். 1876இல் தூத்துக்குடிக்குத் தண்டவாளம் போய்ச் சேர்ந்தது. சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழுந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, இலங்கைக்குப் போகிறவர்கள் தனுஷ்கோடி வழியே போகத் தொடங்கினார்கள். நாகைக் கடலை நோக்கி ஓட வேண்டிய சரக்கு வேறு கடல்களை நோக்கி ஓடியது. 1920களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியே திருச்சிக்குக் குறுக்குப் பாதையும் வந்துவிட, கும்பகோணமும் தஞ்சாவூரும்கூட நெடுந்தூர வண்டிகள் பலவற்றை இழந்தன.

அதே ஆண்டுகளில்தான் நாகை தன் ஒர்க் ஷாப்பையும் இழந்தது. எஞ்சினும் பெட்டியும் பழுதுபார்க்கும் பட்டறை அது. ஊரின் பாதி அடுப்பு அதை நம்பி எரிந்தது. அதைத் திருச்சி பக்கம் பொன்மலைக்கு மாற்றினார்கள். மாற்றத்தோடு ஆட்குறைப்பும் வந்தது. 1928 ஜூலையில் நாகை, போத்தனூர், பொன்மலைத் தொழிலாளர்கள் கிளப்பிய வேலைநிறுத்தம் தென்னிந்திய ரயில்வே முழுவதும் பரவியது. தொழிற்சங்கத் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்றார்கள். வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. இருவருக்கும் பத்தாண்டுத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. தமிழ்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுகிறவர்கள் நாகைப் பட்டறைக்கு இன்னும் நாலு பக்கம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். பொன்மலைக் குடியிருப்புகளில் 'எங்களுக்குப் பூர்வீகம் நாகை' என்று சொல்லும் குடும்பங்களிடம் அந்தப் பக்கங்கள் இருக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைப்பது வேறொன்று. நாகை ஸ்டேஷனுக்கு வந்த சரக்கில் மனிதர்களும் இருந்தார்கள்.

மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் எடுத்தபோது, அவர்களைச் சேர்த்து வைத்த முகாம்கள் இரண்டு. ஒன்று சென்னைக்கு அருகே ஆவடியில், மற்றொன்று நாகையில். கங்காணி ஊர் ஊராய்ப் போய் உறவிலும் தெருவிலும் ஆள் பிடிப்பார். சேலம், திருச்சி, தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வண்டியேறி வருவார்கள். பலருக்கு அதுதான் முதல் ரயில் பயணம். முகாமில் மருத்துவச் சோதனை, காத்திருப்பு, பிறகு படகு, கப்பல். பினாங்கு போனதும் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க் காவல். எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. தமிழ் மண்ணில் அவர்கள் கடைசியாக மிதித்தது நாகை. 1938இல் இந்திய அரசு இப்படித் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடைசெய்தது.

சொந்தச் செலவில் போனவர்களும் ஏராளம். பிழைப்புக்காகக் கடல் கடந்த நாகூர், நாகைச் சபராளிகள், செட்டிநாட்டுக் கணக்கர்கள், கடை வைக்கப் போனவர்கள். ரஜூலா கப்பலை எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்கள் ஓர் உறவினரைச் சொல்வதுபோலப் பெயர் சொல்லிப் பேசுவார்கள். 1926இல் கட்டிய கப்பல். 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985இல் அதில் தீப்பிடித்து உயிர்கள் போனபின் அந்தக் கப்பல் போக்குவரத்து நின்றது. கப்பல் நாளில் நிறைந்து வழியும் பாசஞ்சர் வண்டியும் அதோடு முடிந்தது.

கிளைப் பாதைகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை வேண்டும். தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தீர்வையோடு வரி வசூலித்துத் தன் சொந்தப் பணத்தில் 1894இல் மயிலாடுதுறையிலிருந்து முத்துப்பேட்டைக்குப் போட்ட ரயில், பிரெஞ்சுக்காரர்களுக்காக 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு வந்த ரயில், உப்பு ஏற்றிய வேதாரண்யம் பாதை என்று அதற்குள் பல கதைகள். அந்த வேதாரண்யம் பாதையில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023இல் மறுபடி வண்டி விட்டதும், 2010இல் வேளாங்கண்ணிக்கு நாகையிலிருந்து புதுப் பாதை திறந்ததும் நல்ல செய்திகள். நாகூர்க் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் சிறப்பு ரயில் விடும் நாட்களில் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். எல்லாச் சமயத்தாரும் ஒரே பெட்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியாக ஒரு சேதி. 2023 அக்டோபரில் நாகைக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. கடலும் மழையும் விட்டுக்கொடுக்கும் நாட்களில் சுமார் நான்கு மணி நேரத்தில் அக்கரை. காங்கேசன்துறையும் ஒரு ரயில் முனைதான். 1905இல் அங்கு வந்த வடக்குப் பாதை போரினால் 1990இல் நின்று, 2015இல் மீண்டது. திருச்சியில் வண்டியேறி நாகையில் கப்பல் மாறி, காங்கேசன்துறையில் யாழ்ப்பாண வண்டி பிடிக்கலாம். இந்தச் சேவையை விடாமல் நடத்த இரு அரசுகளும் மனம் வைக்க வேண்டும் என்று இந்த இதழ் கேட்டுக்கொள்கிறது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய ரயில்வே பாஸ், ஒர்க் ஷாப் சம்பளச் சீட்டு, நாகை முகாம் காகிதம், கப்பல் டிக்கெட், வழியனுப்ப வந்தபோது எடுத்த படம் ஏதாவது இருக்கலாம். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை வாசகர்களிடம் இன்னும் அதிகமாகவே இருக்கும். அவற்றைத் தொடர்ந்து வெளியிட இடம் ஒதுக்கியிருக்கிறோம். மூலப் பிரதி உங்களிடமே இருக்கட்டும். செல்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் போதும். கூடவே படத்திலிருப்பவர் யார், எந்த ஊரிலிருந்து நாகைக்கு வந்தார், எந்த ஆண்டு என்று உங்களுக்குத் தெரிந்தவரை எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்