சாவுக்குச் சந்தா கட்டுறம், நோய்க்கு?

படுவான்கரையில் எந்த ஊரை எடுத்தாலும் ஒரு மரணாதார சங்கம் இருக்கும். மாசாமாசம் சின்னச் சந்தா. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சங்கத்துக் கொட்டில் வரும், கதிரை வரும், செலவுக்குக் காசும் கைக்கு வரும். செத்த வீட்டுக்காரர் யாரிடமும் போய்க் கை நீட்டத் தேவையில்லை. அது அவர்கள் கட்டிய காசு, அவர்களுடைய உரிமை.

அதே வீட்டில் அந்த ஆள் உயிரோடு இருந்து, புற்றுநோய் எண்டு தெரிய வந்த நாளில் என்ன நடக்குது? அவருக்கென்று ஒரு சங்கமும் இல்லை. மூன்று நாலு மாசம் கழித்து எங்கட போனுக்கு ஒரு போஸ்டர் வரும். மொட்டைத் தலையோடு ஒரு படம், வங்கிக் கணக்கு இலக்கம், கீழே 'உங்களால் இயன்றதை உதவுங்கள்'. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து இளம் ஆக்களின் வட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒன்று வராத மாசம் குறைவு. நாங்களும் பகிர்ந்திருக்கிறம், காசும் போட்டிருக்கிறம். போடக்கூடாது எண்டு சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் போஸ்டர் ஏன் அவ்வளவு பிந்தி வருது, ஏன் அதை நம்பியே இருக்கிறம் எண்டுதான் கேட்கிறம்.

முதலில் காசு எதுக்குத் தேவைப்படுது எண்டு பார்ப்பம். இலங்கையில் அரச வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கு. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் கட்டில் காசு, டொக்டர் காசு எண்டு எதுவும் இல்லை. இது சின்ன விசயமில்லை. எத்தனையோ நாட்டில் இதுக்காகவே வீடு வளவு விற்கிறார்கள்.

அப்படியிருந்தும் குடும்பங்கள் கடனாளி ஆகிறதுக்குக் காரணம், பில்லில் வராத செலவுகள். மகரகமவுக்கு இரவு பஸ் ஏறினால் நோயாளியோடு துணைக்கு ஒருவர் போகவேணும். அவர் தங்கவேணும், சாப்பிடவேணும். வைத்தியசாலையில் ஸ்கானுக்கு நாள் நீண்டால் வெளியில் எடுக்கச் சொல்லி வீட்டார் அந்தரப்படுவார்கள். மருந்து முடிந்துபோன நாளில் துண்டு எழுதித் தருவார்கள், பாமசியில் வாங்கவேணும். 2022 நெருக்கடியில் இது எந்த அளவுக்குப் போனது எண்டு எல்லோருக்கும் தெரியும். இதுக்கு மேல, கூலி வேலைக்குப் போறவர் கீமோவுக்குப் போன நாளில் கூலி இல்லை. துணைக்குப் போனவருக்கும் இல்லை. வயல் விதைக்க வேண்டிய நேரத்தில் விதைக்க முடியாமல் போனால் அந்தப் போகமே போச்சு.

ஆக, தேவைப்படுறது பெரும்பாலும் சின்னச் சின்னத் தொகைதான். ஆனால் முதல் வாரத்திலிருந்தே தேவைப்படுது. போஸ்டர் வரும்போது தோடு அடகுக்குப் போயிருக்கும், நுண்கடன் கொம்பனியில் ஒரு கையெழுத்து விழுந்திருக்கும், மாடு விற்றுப்போயிருக்கும். அதுக்குப் பிறகு நாங்கள் அனுப்புற ஐயாயிரம் மருந்துக்குப் போறதில்லை, வட்டிக்குப் போகுது.

இன்னொரு சிக்கல், போஸ்டர் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஏழு வயதுப் பிள்ளையின் படத்துக்குக் காசு வரும். வாயில் புற்று வந்த அறுபது வயது மனிசனுக்கு, 'வெத்திலை போட்டுத்தானே வந்தது' எண்டு ஒரு வசனம்தான் வரும். கனடாவிலும் சுவிஸிலும் சொந்தம் இருக்கிற வீட்டுக்குக் கிழமைக்குள் லட்சம் சேரும். வெளிநாட்டில் யாருமே இல்லாத வீட்டுக்குப் பகிர்வுதான் மிஞ்சும். மார்பில் கட்டி வந்த பெண் தன் படத்தை ஊரே பார்க்கிறதுக்கு விரும்பாவிட்டால் அவளுக்குப் போஸ்டரும் இல்லை, உதவியும் இல்லை. யாருக்கு உதவி கிடைக்கவேணும் எண்டதை நோய் தீர்மானிக்கவில்லை. படம் தீர்மானிக்குது.

தன் வீட்டு நோயைப் பொதுக் காரியமாக மாற்றிய ஆக்கள் எங்களிடம் இருக்கிறார்கள். சென்னையில் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் ஊர் ஊராகக் காசு சேர்த்து முன்நின்றதால்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 கட்டிலோடு தொடங்கியது. இலங்கையில் மகனைப் புற்றுநோய்க்கு இழந்த எம்.எஸ்.எச். முகமத், கதீஜா பவுண்டேசன் ஊடாக 2016இல் மகரகமவுக்கு ஒரு பெட் ஸ்கானர் வாங்க 20 கோடி ரூபா இலக்கு வைத்துப் பொதுமக்களிடம் திரட்டினார். 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் 27 நாள் நடந்தார்கள். வழியெல்லாம் சனம் கூட நடந்தது. அந்தக் காசில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. இந்த மூன்றிலும் சேர்ந்த காசு ஒரு முகத்துக்கானது இல்லை. அடுத்து வரப்போற, பெயர் தெரியாத ஆளுக்கானது.

வைத்தியசாலை கட்டுற வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் எங்கட ஊரில் ஏற்கெனவே ஒரு சங்கம் இருக்கு, சந்தாக் கொப்பி இருக்கு, வீட்டுக்கு வீடு போய்க் காசு எடுக்கிற ஆள் இருக்கு. மரணாதார சங்கத்திலேயே நோய்க்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கினால் என்ன? 200 வீடு மாசம் 100 ரூபா போட்டால் மாசம் 20,000, வருசம் 2,40,000. இதால் ஒரு ஆளைக் குணமாக்க முடியாது. ஆனால் நோய் தெரிந்த முதல் மூன்று மாசத்துப் பயணச் செலவையும் சாப்பாட்டையும் ஒரு ஸ்கானையும் தாங்கலாம். தோடு வீட்டிலேயே இருக்கும்.

வாயில் ஆறாத புண்ணோ மார்பில் கட்டியோ இருக்கிற ஆளை உடனே கிளினிக்குக்கு அனுப்புற பஸ் காசும் இந்தக் கணக்கிலிருந்து போகலாம். 'வயல் வேலை முடியட்டும், பிறகு பார்ப்பம்' எண்டு தள்ளிப்போடுறதில்தான் பாதி உயிர் போகுது. 35 வயதுப் பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசம். சங்கம் நினைத்தால் ஒரு ஓட்டோ பிடித்து நாலு பேரைக் கூட்டிப்போகலாம்.

இதைச் சொன்னால் வரப்போற கேள்விகளும் தெரியும். 'தம்பி, காசை யார் வைச்சிருக்கிறது?' நியாயமான கேள்வி. மூன்று பேர் கையெழுத்து, அதில் ஒருவர் கட்டாயம் பெண். மாசக் கணக்கு கோயில் வாசலிலோ வாசிகசாலையிலோ ஒட்டப்படவேணும். தொகை எழுதப்படவேணும், நோயாளியின் பெயர் எழுதப்படக்கூடாது. சாவுக் காசை இத்தனை வருசம் ஒழுங்காகக் கையாண்ட ஊருக்கு இது முடியாத வேலை இல்லை.

'இது அரசாங்கத்தின் வேலை இல்லையா?' ஓம், அரசாங்கத்தின் வேலைதான். ஊர்க் காசு சேர்க்கிறதால் அந்தக் கேள்வியைக் கைவிடத் தேவையில்லை. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முந்தி கொழும்புக்கு ஓடவேணும். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு அது மண்முனை தென்மேற்கு பிரதேச செயலகம், கொக்கட்டிச்சோலையிலேயே இருக்கு. படிவம் நிரப்ப, வைத்திய அறிக்கை சேர்க்க, திரும்பத் திரும்பப் போய்க் கேட்க ஆள் வேணும். நோயாளி வீட்டில் அதுக்கு நேரமும் தெம்பும் இருக்காது. அது எங்களைப் போல, போனோடு திரிகிற ஆக்கள் செய்யக்கூடிய வேலை. பகிர் பொத்தானை அழுத்துறதைவிடப் பயனுள்ளது.

போஸ்டர் போடவே வேண்டிய நேரமும் வரும். சங்கத்துக் காசால் தாங்காத மருந்து இருக்கும். அப்போது மூன்றே மூன்று விசயம். படம் போடலாமா எண்டு நோயாளியிடம் நேராகக் கேட்கவேணும், வீட்டாரிடம் கேட்டால் போதாது. எவ்வளவு தேவை, எவ்வளவு சேர்ந்தது எண்டு எழுதவேணும், சேர்ந்ததும் நிறுத்தவேணும். மிஞ்சினால் அல்லது ஆள் தவறிவிட்டால் அந்தக் காசு என்ன ஆகும் எண்டு முதலிலேயே சொல்லவேணும். இதைச் செய்யாததால்தான் 'போன முறை குடுத்த காசு எங்க போச்சு?' எண்டு சனம் கேட்குது. அந்தச் சந்தேகத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறது அடுத்த நோயாளி.

தான்தோன்றீஸ்வரர் தேருக்கு வெளிநாட்டிலிருந்து ஆக்கள் வருவார்கள், ஊருக்கு ஏதாவது செய்யவேணும் எண்டு கேட்பார்கள். ஊர்ப் பெரியவர்கள், வண்ணக்கர்மார், மாதர் சங்கத்து அக்காமார் எல்லோரும் ஒரு இடத்தில் இருக்கிற நேரமும் அதுதான். அப்போது இதைக் கதைக்கலாம். அதுவரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த மாசம் சந்தா எடுக்க வாற ஐயாவிடம், கூட நூறு ரூபாவை நீட்டி, 'இது நோய்க் கணக்குக்கு' எண்டு சொல்லிப் பாருங்கள். அப்படி ஒரு கணக்கு இல்லையே எண்டு அவர் சொல்லுவார். கதை அதிலிருந்து தொடங்கட்டும்.