முகச் சுருக்கத்துக்கு ஊசி போடலாமா?



அக்கரப்பத்தனையில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்கிறார்: "மகளின் நிக்காஹ் நெருங்குகிறது. முகமெல்லாம் சுருக்கம் விழுந்துவிட்டது. அழகுக்கலை படித்த ஒரு பெண் வீட்டுக்கே வந்து மலிவாக ஊசி போட்டுவிடுகிறேன் என்கிறார். போட்டுக்கொள்ளலாமா?"

முதலில் அந்த ஊசியில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்வோம். பொடொக்ஸ் என்பது பொட்டுலினம் என்னும் கிருமி சுரக்கும் நஞ்சு. சரியாகப் பதப்படுத்தாத உணவில் இக்கிருமி வளர்ந்தால் உண்டவரின் உயிருக்கே ஆபத்து. அந்த நஞ்சை வைத்தியர்கள் மிகமிகச் சிறிய அளவில் தசைக்குள் ஏற்றுகிறார்கள். நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் தடைப்படுகிறது, தசை தளர்கிறது, நெற்றிக் கோடு மறைகிறது. மூன்று நான்கு மாதங்களில் கோடு திரும்பி வந்துவிடும். மறுபடியும் ஊசி, மறுபடியும் செலவு!

இது அழகுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் மருந்தாக அமெரிக்காவில் 1989இல் அனுமதிக்கப்பட்டது. கனடாவில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் வைத்தியர் இமைத் துடிப்புக்கு இதைக் கொடுத்தபோது புருவ மத்தியிலுள்ள கோடுகளும் மறைவதைக் கவனித்தார். தோல் வைத்தியரான கணவரோடு சேர்ந்து 1992இல் அதனை எழுதி வெளியிட்டார். புருவக் கோடுகளுக்கான அனுமதி 2002இல்தான் கிடைத்தது.

இன்னொரு வகை, பள்ளத்தை நிரப்பும் 'ஃபில்லர்' ஊசி. அது தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம். கண் பார்வையே பறிபோகலாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது? போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) அவர்கள் வெள்ளியால் மூக்கு வைத்து, அது துர்நாற்றம் எடுத்தபோது, தங்கத்தால் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். குறையை நீக்குவதும் நோயைத் தீர்ப்பதும் வேறு. வயதை மறைப்பது வேறு. மாறுகண்ணுக்கோ, பாரிசவாதத்தால் இறுகிய கைக்கோ இவ்வூசியை வைத்தியர் எழுதித் தந்தால் தயங்க வேண்டாம். அழகுக்கு மட்டும் என்றால் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 2006இல் கூடாது என்றது. தற்காலிகமானது, தீங்கும் ஏமாற்றும் இல்லையெனில் கூடும் என்போரும் உளர். ஏமாற்று என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. சவூதியின் ஒட்டக அழகுப் போட்டியில் 2018இல் பன்னிரண்டு ஒட்டகங்கள் விலக்கப்பட்டன. உதடு அழகாகத் தெரிய பொடொக்ஸ் போட்டிருந்தார்களாம்!

ஆனால் தீங்கு கூடாது என்பதில் எல்லோரும் ஒன்று. அமெரிக்காவில் 2023-2024 காலப்பகுதியில் போலி மருந்தாலும் தகுதியற்ற கைகளாலும் 22 பெண்கள் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 11 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். வீட்டில் போட்டுக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தனர்.

எனவே சகோதரியே, அந்தப் பெண்ணிடம் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். இது ஃபேஷியல் அல்ல, மருந்து. போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த வைத்தியரா, மருந்து தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவானதா என்று கேட்பது உங்கள் உரிமை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நரம்பு, தசை நோயுள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களுக்கு இமை தொங்கினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், பேச்சுக் குழறினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். ஊசி போட்டுச் சில வாரங்கள் கழித்தும் இவை தோன்றலாம். இரவில் பனிமூட்டம் மூடிய மலைப்பாதையில் நுவரெலியா போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

நமது மலைநாட்டில் குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடுகிறோம். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். மேகத்தையும் ஊடுருவி வரும். முகச் சுருக்கத்துக்கு வெயிலே பெரிய காரணம், புகைத்தல் இன்னொன்று. வெளியே போகும்போது முகத்துக்கு நிழல் இருக்கட்டும். வெயில் தடுக்கும் கிறீமும் உதவும்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. அடுப்படிப் புகையிலும் பிள்ளைகளுக்காகக் கண்விழித்த இரவுகளிலும் உங்களோடு சேர்ந்து வயதான முகம் அது. அதைப் பார்த்துக் "கிழவியாகிவிட்டாய்" என்று கேலி செய்யாதீர்கள். அந்த ஒரு சொல்தான் பல பெண்களை ஊசி தேடிப் போக வைக்கிறது.

வஸ்ஸலாம்.